ஊசி சுட்ட எலும்பு

ஏரிக்கரை மணலில் கால் வைத்தவர்கள் எல்லாருக்கும் எப்படியோ ஒரு டைனோசர் முட்டை கிடைத்துவிடும். சனிக்கிழமையானால் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு அருங்காட்சியகத்தின் பின்னறைக்கு வந்துவிடுவார்கள். அது புதைபடிவமா, வெறும் கல்லா என்று சொல்வதுதான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளின் வேலை. முக்கால்வாசி கூழாங்கல்தான். சிலவற்றில் தண்ணீர் தெளித்தால் பழைய பவளப்பூச்சியின் கட்டங்கள் தெரியும். அதற்கே தலைகால் புரியாமல் குதிப்பார்கள். முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்லி அவள் சம்பாதித்த பகை கொஞ்சநஞ்சமல்ல. 'வெட்டொன்று' என்றே பட்டப்பெயர்.

அன்றும் கடைசியாக அவளுடைய அம்மா வந்தாள். மூன்று வருஷமாக அம்மா வராத சனிக்கிழமை கிடையாது. தம்பி படகில் போனான். ஏரி படகை மட்டும் திருப்பிக் கொடுத்தது. அன்றிலிருந்து அம்மா கரையெல்லாம் அலைந்து, எலும்பாகத் தெரிவதைப் பொறுக்கி வருவாள். மகள் ஊசியைச் சூடாக்கி அதில் வைப்பாள். கல்லாகிப்போன எலும்பு என்றால் வாசனையே வராது. புதுசு என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும்.

"லட்சக்கணக்கான வருஷத்துக்கு முந்தினதும்மா. அவன் இல்லை" என்பாள். அம்மா தலையாட்டிவிட்டுப் போவாள். நல்ல சேதி சொல்லி அனுப்பியதாக மகளுக்கு ஒரு திருப்தி.

இந்தத் தடவை நாற்றம் வந்தது.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "முடி பொசுங்குதுடி."

மகள் அவசரமாக எலும்பைத் திருப்பிப் பார்த்தாள். நுனி, குளம்புக்காக இரண்டாகப் பிரிந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது.

"ஆடும்மா. ஆட்டுக் கால்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். பயப்படாதே, அவன் இல்லை."

"யாருடி இப்ப பயந்தா?" அம்மாவின் குரல் உடைந்தது. "வாராவாரம் இல்லை இல்லைன்னே சொல்லி அனுப்பறே. நான் போய் அவன் தட்டைக் கழுவி வைக்கறேன். தாழ்ப்பாள் போடாமப் படுத்துக்கறேன். ஒரே ஒரு தடவை அவன்தான்னு சொல்லேன். அழுது தீத்துட்டு நானும் தூங்கறேன்."

மகளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. எத்தனை கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள்; எதிரே உட்கார்ந்திருந்த முகத்தை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்ததில்லை. மேலதிகாரியே கெஞ்சியும் கண்ணாடிப் பெட்டியில் ஒரு தப்பான பெயர் ஒட்ட விடாதவள் அவள். இப்போது எலும்பை அம்மாவிடம் நீட்டினாள்.

"அவன்தாம்மா" என்றாள்.

அம்மா எலும்பை வாங்கி, உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள். பிரிந்திருந்த நுனியை விரலால் தடவினாள்.

"உனக்குப் பொய்யே சொல்ல வராதுடி."

மகள் தலை குனிந்தாள்.

"பரவாயில்ல. இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். அம்மா அந்த ஆட்டெலும்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வாய்விட்டு அழத் தொடங்கினாள்.