சுக்கான்காரனின் முகம்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு சின்னப் பிரச்சினை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாமல் வைத்திருக்கவும் முடியவில்லை. அவருக்கு உயிரான நாவலில் ஒரு சுக்கான்காரன் வருவான், சக்கரத்தைப் பிடித்துக் கப்பலைத் திருப்புகிறவன். இப்போதெல்லாம் அவன் வாயைத் திறந்தால் வேறு எவனோ பேசுகிறான்.

மூன்று பாகம் உள்ள நாவல் அது. வானத்தில் ஒரு கடல் தொங்குகிறது. பக்கத்தில் வருவதையெல்லாம் அது தன்னை நோக்கி இழுக்கும். ஆகவே அதில் கப்பல் ஓட்டுகிறவர்களுக்குக் கடல்தான் கீழே, நம்முடைய பூமிதான் மேலே. அண்ணாந்து பார்த்தால் அவர்கள் தலைக்கு மேல் சாலைகளும் கூரைகளும் தெரியும். இருட்டினால் ஊர்களில் எரியும் விளக்குகள்தான் அவர்களுக்கு நட்சத்திரம். அந்த விளக்குகளை வைத்துத்தான் சுக்கான்காரன் திசை பிடிப்பான்.

கண்ணாடிக் கடைக்காரர் மனசில் அந்தச் சுக்கான்காரனுக்கு அவருடைய அண்ணன் முகம். காரணம் எளிது. சின்ன வயதில் வீட்டில் இருந்தது ஒரு பிரதி, படிக்கத் துடித்தவர்கள் இரண்டு பேர். அண்ணன் வேகமாகப் படித்துவிட்டுத் தம்பி பக்கத்தை முடிக்கும்வரை காத்திருப்பான். ஒருநாள் பொறுமை போய்விட்டது. "நீ ஆமை மாதிரி ஊந்து வர்றதுக்குள்ள கப்பல் துருப்பிடிச்சுடும்டா" என்று சொல்லி, புத்தகத்தைப் பிடுங்கிச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். அன்று முதல் சுக்கான்காரன் பேசியது அண்ணன் குரலில், நின்றது அண்ணன் மாதிரி ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு. அண்ணனுடைய தடித்த கண்ணாடியைக்கூட அவன் போட்டிருந்தான். 'கழுகுக் கண்ணன்' என்று அவனை வர்ணித்த ஆசிரியர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அண்ணி வீட்டுச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. அதில் அவன் பரீட்சை எழுதப் போகிறவன் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறான். குரலை யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. நடமாடும் அண்ணனை, பேசும் அண்ணனைப் பார்க்கத் தம்பிக்கு இருந்த ஒரே வழி அந்த நாவலைத் திறப்பதுதான்.

அப்படியிருக்கும்போதுதான் அது டி.வி. தொடராக வந்தது.

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தவம் கிடந்தார். முன்பு ஒருமுறை அதை ஒரு படமாக எடுத்திருந்தார்கள். கப்பல் தெர்மோகோல் என்று குழந்தைக்கும் தெரியும். கடலைத் துணியால் செய்து இரண்டு பக்கமும் ஆள் நின்று உதறினார்கள். அண்ணனும் தம்பியும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தார்கள். ஒரு கீறல்கூட விழவில்லை. மோசமாக எடுத்தால் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது என்பதை அன்றே கற்றுக்கொண்டிருக்கலாம்.

இந்தத் தொடரோ நன்றாக இருந்தது. தலைக்கு மேலே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிய ஆரம்பித்த காட்சியில் அவர் அழுதேவிட்டார். சுக்கான்காரனாக நடித்தவன் அப்படி ஒரு நடிகன். அவன் சக்கரத்தைப் பிடித்தால் நம் கை காய்த்துப்போகும். அவர் அடிக்கடி தொடரை நிறுத்தி, கடல் ஏன் கீழே ஊற்றவில்லை என்று விளக்கினார்.

"அப்பா, கடல் ஊத்தாது, ஒத்துக்கறேன். ரிமோட்ட குடுங்க" என்றாள் மகள்.

"உங்கப்பாவ நிறுத்தற ரிமோட்ட இன்னும் கண்டுபிடிக்கலடி" என்றாள் மனைவி.

தொடர் முடிந்த கையோடு ஆசையாகப் புத்தகத்தைத் திறந்தார். புயல் காட்சி. சுக்கான்காரன் திரும்பினான். நடிகன். பேசினான். நடிகனின் கரகரத்த குரல். பக்கத்தைத் தள்ளினார், அங்கேயும் அவன்தான். மெதுவாகப் படித்துப் பார்த்தார், சத்தமாகப் படித்துப் பார்த்தார். அண்ணியின் வீட்டுக்குப் போய்ப் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு வந்து படித்தார். விறைத்த அண்ணன் ஓரமாக நின்றான், வசனத்தை நடிகன் பேசினான்.

அண்ணியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"உங்க அண்ணன் எப்ப தம்பி கப்பல் ஓட்டினார்?" என்றாள் அண்ணி. "பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்கலன்னா வாந்தி எடுக்கற மனுஷன்."

"கதையில அண்ணி."

"தெரியுது" என்றாள். "நீங்க அந்தத் தொடரப் பாக்காமலே இருந்திருக்கலாம்."

கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊரையே பார்க்க வைத்தவர் அவர்.

அதற்கு அடுத்த வாரம் கடைக்கு ஒரு அம்மா தன் சின்ன மகளோடு வந்தாள். குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல். டாக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்து, நன்றாக இருக்கும் கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டுப் போட்டு மூடச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அதுதான் புரியவில்லை.

"நல்லா இருக்கற கண்ண எதுக்குங்க மூடணும்? இருக்கறதும் கெட்டுடாதா?"

இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டாக்டர் சொன்ன நேரம் மட்டும் மூடுங்க, கெடாதும்மா. ரெண்டு கண்ணும் ஆளுக்கொரு படம் அனுப்புது. மூளை ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கணும். ஒரு படம் பளிச்சுனு இருக்கு, இன்னொண்ணு கலங்கலா இருக்கு. மூளை என்ன பண்ணும்? நமக்கெதுக்கு வம்புன்னு பளிச்சுனு இருக்கறத மட்டும் எடுத்துக்கும். மத்ததக் கேக்கறதையே விட்டுடும்."

"அப்ப அந்தக் கண்ணு செத்துடுச்சா?"

"சாகல. அதை யாரும் கேக்கல, அவ்வளவுதான். அது பாட்டுக்கு அனுப்பிட்டேதான் இருக்கு. அதைக் கெஞ்சியும் பிரயோஜனமில்ல, மிரட்டியும் பிரயோஜனமில்ல. பலமா இருக்கறதக் கொஞ்ச நேரம் மூடிட்டா, மூளைக்கு வேற வழி இல்லாம..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

"வேற வழி இல்லாம?" என்றாள் அந்த அம்மா.

"அதைத்தான் கேக்கணும்" என்று முடித்தார். குழந்தையின் காதுக்குச் சட்டத்தை வளைத்துக் கொடுத்து அனுப்பினார். மதியச் சாப்பாட்டுக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே கடையைச் சாத்தினார்.

நடிகனை எப்படி மூடுவது? நாவல் முழுக்க அவன் இருந்தான், ஒரே ஒரு இடத்தைத் தவிர. இரண்டாம் பாகத்தில் சுக்கான்காரனுக்குத் தண்டனை கிடைத்து, கப்பலின் அடித்தட்டில் பம்பு அறைக்கு அனுப்பப்படுவான். கசியும் நீரை நாளெல்லாம் இறைக்க வேண்டும். பம்பில் இரண்டு தோல் மூடிகள். ஒன்று நீரை உள்ளே விடும், மற்றது திரும்பி வராமல் தடுக்கும். சுக்கான்காரன் அந்த மூடிகளின் சத்தத்தைக் காதில் வாங்கியே, வெளியே கடல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வான். பாதிப் பேர் அறுவை என்று தாண்டிவிடும் பக்கங்கள் அவை. தொடரில் அதை முழுசாக வெட்டிவிட்டு, "கொஞ்ச காலம் கழித்து" என்று எழுத்துப் போட்டுவிட்டார்கள். அன்று அவர் குதித்த குதியில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். ரசிகர்கள் சேர்ந்து, பம்பு அறையையும் படமாக்கச் சொல்லித் தயாரிப்பாளருக்கு மனு அனுப்பினார்கள். அவரும் பெயரைச் சேர்த்தார், மகளையும் சேர்க்க வைத்தார்.

சாப்பிடாமல் இரண்டாம் பாகத்தை எடுத்து உட்கார்ந்தார். சுக்கான்காரன் ஏணியில் கீழே இறங்கினான். முதல் பக்கத்தில் நடிகன்தான். ஆனால் அவனுக்கு இங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. பம்புக் கைப்பிடியைப் பிடித்து அவருக்குக் காட்டியதில்லை, இந்த வசனங்களைப் பேசியதில்லை. அடுத்த பக்கத்தில் அவன் மங்கினான். அதற்கடுத்த பக்கத்தில், நீளமான ஒரு வாக்கியத்துக்கு முன்னால், யாரோ மூக்கால் சின்னதாக மூச்சை இழுத்துக்கொண்டார்கள். அண்ணன் நீள வாக்கியத்தைக் கண்டால் அப்படித்தான் செய்வான். அவரே மறந்துபோயிருந்த விஷயம் அது. அப்புறம் அண்ணன் வாசித்தான்.

தண்டனை முடிந்து சுக்கான்காரன் ஏணியில் ஏறி மேல்தளத்துக்கு வந்ததும் நடிகன் திரும்பினான். புயல், விளக்குகள், கடைசிப் பயணம் எல்லாம் இனி அவனுடையவை. அண்ணனும் அவரும் உசிரை விட்டுப் படித்த இடங்கள் அவைதான். பம்பு அறையை அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டே வாசித்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஓடி வந்தாள். "அப்பா, ஜெயிச்சுட்டீங்க! பம்பு அறைய தனிப் படமா எடுக்கறாங்களாம். வந்ததும் முதல் நாளே டிக்கெட் போட்டுடட்டுமா?"

"எனக்கு வேண்டாம்மா."

"என்னப்பா இது? மனு போட்டதே நீங்கதானே! என்னை வேற இழுத்துவிட்டீங்க."

"நீ போய்ப் பாரு. நல்லாத்தான் எடுப்பாங்க." கொஞ்சம் தயங்கினார். "பாத்துட்டு வந்து எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. அந்தப் பம்பு எப்படி இருந்துச்சுன்னு நானே கேட்டாலும் சொல்லாத."

மகள் சிரிக்கப் போய், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வழி இதுதான் என்று ஆகிவிட்டது. இரண்டாம் பாகத்தில் பம்பு அறைப் பக்கங்களை மட்டும் படிக்க வேண்டும். சுக்கான்காரன் ஏணியில் கால் வைத்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். அந்தப் படத்தைப் பார்க்கவே கூடாது.