கறாரக்காவின் ரத்தம்

ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கறாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற பிறவி. பதினொரு வருஷத்தில் ஒரு ரிப்போர்ட் தப்பாகப் போனதில்லை. அப்படிப்பட்டவள் அன்று காலை பத்து மணிக்கு ஒரே தகட்டை மூன்றாவது தடவையாகக் குனிந்து பார்த்தாள்.

ஊதா விளக்கின் மேல், மரபணுத் துண்டுகளைப் பட்டை பட்டையாகக் காட்டும் ஜெல் தகடு மினுங்கியது. வலிப்பு வந்து படுத்திருக்கும் எட்டு வயதுப் பையனின் வரிசையில் மூன்று பட்டைகள். மரபணுவில் பிழை இருந்தால் அப்படித்தான் வரும். டாக்டரம்மாவும் அதைத்தான் சந்தேகப்பட்டிருந்தாள். ஆனால் பக்கத்து வரிசையிலும் மூன்று இருந்தன. அது கண்ட்ரோல், அதாவது நோய் இல்லாத ஆளின் ரத்தம். அங்கே ஒரே ஒரு பட்டைதான் இருக்க வேண்டும்.

அந்த நோய் இல்லாத ஆள் வேறு யாருமில்லை, இவளேதான். பழைய கண்ட்ரோல் போன வாரம் தீர்ந்துபோய், யார் ரத்தம் தருவது என்று பேச்சு வந்தபோது முதலில் கையை நீட்டியவள் இவள். "எனக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எடுத்துக்கோங்க" என்று ஜம்பம் வேறு.

"டேய் நெட்டை!" என்று கத்தினாள். கூட வேலை பார்க்கும் நெட்டையன் ஓடி வந்தான். "பையனோட குழாயில விட்டு உறிஞ்சின டிப்பை மாத்தாம என் குழாயிலயும் விட்டியா?"

"சத்தியமா இல்லக்கா! பக்கத்துல நின்னு நீங்கதானே என் உயிரை வாங்கிட்டிருந்தீங்க?"

"அப்போ வேற எங்கயோ கலந்திருக்கு. எல்லாத்தையும் புதுசா எடு. என் ரத்தம், உன் ரத்தம் ரெண்டும். உன்னோடதும் ஒரு வரிசையில ஓடட்டும்."

அதட்டலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊசி குத்த அவன் கையைப் பிடித்தவளுக்கு முதல் தடவை நரம்பு அகப்படவில்லை. அவன் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தான்.

மெஷின் ஓடி முடிய மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் நினைப்பு சும்மா கிடக்குமா? நேற்று வராந்தாவில் பையனின் அம்மாவுக்குத் தான் எடுத்த பாடம் ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. டாக்டரம்மா சொன்னது விளங்கவில்லை என்று அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டதால் இவள் உட்கார்ந்து சொன்னாள்.

"உடம்புக்குள்ள புரதம் கட்டுறது வீடு கட்டுற மாதிரிங்க. கல்லு எடுத்துக் குடுக்க ஆளுங்க உண்டு. டி.ஆர்.என்.ஏ.ன்னு பேரு. ஒவ்வொரு ஆளும் தனக்குன்னு உள்ள கல்லைத்தான் தூக்குவான். எது எங்கேன்னு எழுதின சீட்டைப் பார்த்து, சரியான இடத்துல கொண்டு வந்து வைப்பான். செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அங்க இருபத்திரண்டே ஆளுங்க. அதுல ஒருத்தனுக்குக் கை விளங்காமப் போச்சுன்னு வைங்க, கட்டடம் பாதியில நிக்கும். சக்தி குறையும். மூளை, காது, தசை, இதுங்கதான் முதல்ல தள்ளாடும்."

"இது அவனுக்கு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"அம்மா வழியா மட்டுந்தான் வரும். எல்லாப் பிள்ளைக்கும் போகும். ஒருத்தருக்குக் கொஞ்சமா, ஒருத்தருக்கு நிறையவா, அதைத்தான் சொல்ல முடியாது."

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நீங்களா குடுத்தீங்க? அதுவா வந்தது. அழாதீங்க" என்று இவள் முதுகைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வாய்க்கு வந்த ஆறுதல்தான், காசா பணமா?

இன்றைக்கு அந்த ஆறுதலைத் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். அது எடுபடவில்லை. அவளுக்கும் பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். கலப்பாகத்தான் இருக்கும், கலப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று முணுமுணுத்தபடி குழாய்களைத் துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

நாலரை மணிக்குப் புதுத் தகட்டை வைத்து ஊதா விளக்கைப் போட்டார்கள். நெட்டையனுக்கு ஒரு பட்டை. பையனுக்கு மூன்று. இவளுக்கும் மூன்று. கீழே இருந்த இரண்டும் பையனுடையதைவிட மங்கல், ஆனால் இருந்தன. எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசும் நெட்டையன் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"உன்னோடதையே கண்ட்ரோல்னு எழுதிடலாம்டா. என் குழாயைக் கொட்டிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் குழாயை எடுத்து மறுபடியும் ஸ்டாண்டிலேயே செருகினான். அவள் நோட்டை இழுத்துத் தன் கையாலேயே எழுதினாள்: கண்ட்ரோல் ஒன்று, பிழை உண்டு. எழுதிய எழுத்து அவளுடையது மாதிரியே இல்லை.

டாக்டரம்மா, இவள் எடுத்துப் போன தகட்டின் படத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உங்கம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது?"

"சர்க்கரை. நாப்பது வயசுல காதும் போச்சு. சர்க்கரைதான் காதைத் தின்னுடுச்சுன்னு நாங்க நினைச்சோம்."

"பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா மேடம். ஓடுறா, சாப்பிடுறா. என்ன, பிடிவாதம். சொன்ன பேச்சே கேட்க மாட்டா. பள்ளிக்கூடத்துலயும் கவனிக்கிறதில்லைன்னு..."

சொல்லும்போதே வீட்டில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் சாப்பிட வா என்று நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற பெண் அசையவில்லை. எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி நிக்கிறியா என்று பின்னாலிருந்து ஓங்கி ஒன்று வைத்தாள். குழந்தை தூக்கிவாரிப்போட்டுத் திரும்பி, "எதுக்கும்மா அடிச்ச?" என்று கேட்டது. அழுத்தக்காரி, நடிக்கிறாள் என்று இன்னொன்றும் வைத்தாள்.

"அவ ரத்தத்தையும் இன்னிக்கே எடுத்துடலாம். கூட்டிட்டு வாம்மா" என்றாள் டாக்டரம்மா.

கூட்டி வர எங்கேயும் போக வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் பெண் தினமும் ஆஸ்பத்திரியின் கீழ்க் கூடத்துக்கு வந்து, அம்மா வேலை முடித்து வரும்வரை படம் வரைந்துகொண்டிருப்பாள். கடவுளே, அவள் பிடிவாதக்காரியாகவே இருக்கட்டும், அடங்காப்பிடாரியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கறாரக்கா படி இறங்கினாள்.

கூடத்தில் வேறு ஆளில்லை. வாசலில் காவலாளி மட்டும் நின்றிருந்தான். பெண் பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். பத்தடி தள்ளியே இவள் நின்றுவிட்டாள்.

"குட்டிம்மா."

பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

"குட்டிம்மா!"

குழந்தை காலை ஆட்டியபடி இன்னொரு கோடு இழுத்தாள்.

மூன்றாவது தடவை அவள் கத்திய கத்தலில் காவலாளி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். பெண் திரும்பவில்லை.

கறாரக்கா சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். அம்மா முகத்தைக் கண்டதும் பெண்ணின் முகமெல்லாம் சிரிப்பு.

"எப்பம்மா வந்த? என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"