முடிச்சுப் போட்ட பச்சை வயர்

“சிவப்பு, மஞ்சள், நீலம்?”

“மூணும் பேஸ்.”

“கறுப்பு?”

“நியூட்ரல்.”

“பச்சை?”

“எர்த்து. இன்னாடி இது, எல்கேஜி பாப்பாவ கேக்குற மாதிரி கேக்குற? கஷ்டமா எதனா கேளு.”

“இரு, வரேன். பச்சை வயர்ல எப்பனா கரென்ட்டு வருமா?”

“வராது” என்று சட்டென்று சொன்ன அன்புக்கரசி, கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள்.

கேள்வி கேட்டவள் தமிழ்மொழி. பெரும்பாக்கத்தில் அடுத்த வீட்டுக்காரி. குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறவள். இருவரும் கோட்டூர்புரம் நூலகத்தின் படிக்கட்டில், தயிர்சாத டப்பாவைத் திறந்து நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னா, மெயின் ஆஃப் ஆய்டுச்சா?” என்று தோளில் இடித்தாள் தமிழ்மொழி.

அன்புக்கரசிக்கு இருபத்தாறு வயது. சாந்தோமில் கடை வைத்திருக்கும் கான்ட்ராக்டர் லாய்டிடம் ஐந்து வருடமாக வயரிங் வேலை பார்க்கிறாள். சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே பைப் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் போகிற வீடுகளில் எல்லாம், “எலக்ட்ரீஷியன் எப்பம்மா வருவாரு?” என்று அவளிடமே கேட்கிறார்கள். வயர்மேன் ஹெல்ப்பர் தேர்வில் தேறிவிட்டால் ஒரு சான்றிதழ் கைக்கு வரும். அதை அப்படியே நீட்டலாம். விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டது. ஐந்து வருட அனுபவம் உண்டு என்று லாய்ட் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய கடிதம் ஒன்றுதான் பாக்கி. மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வழக்கமாகத் தண்ணீரைப் பார்ப்பாள். இன்று அவள் கண்ணில் தெரிந்தது காந்தி நகரில் ஒரு சமையலறைச் சுவர்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை அந்த வீட்டில் கிரகப்பிரவேசம். லாய்டின் மகளுக்கு அன்று புதுநன்மை, சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் நாள்; அவர் அங்கே இருந்தார். சமையலறையில் சிங்க் பக்கத்து ப்ளக் மட்டும் மீதி, சிவப்பு வயர் தீர்ந்துபோயிற்று, கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. பையில் கிடந்தது நீளமாக ஒரு பச்சை, துண்டாக ஒரு மஞ்சள், கொஞ்சம் கறுப்பு. மெயின் போர்டிலிருந்து கரென்ட் கொண்டுவரும் பேஸுக்குப் பச்சையை இழுத்தாள். கசியும் கரென்ட்டை மண்ணுக்கு அனுப்பும் எர்த்து, பக்கத்து ஃப்ரிட்ஜ் ப்ளக்கிலிருந்துதான் வரவேண்டும். அதற்கு மஞ்சள் துண்டே போதுமாக இருந்தது. பச்சையின் இரண்டு முனையிலும் ஒரு முடிச்சுப் போட்டாள். லாய்டின் ஆட்களிடம் அது பழக்கம். மயிலாப்பூர்ப் பழைய வீடுகளில் எல்லா வயரும் ஒரே கறுப்பாக இருக்கும். முடிச்சு இருந்தால் பேஸ், தொடாதே என்று அர்த்தம். ப்ளக்கில் கரென்ட் வந்தது. மிக்ஸி ஓடியது. அவளும் மறந்துபோனாள். அந்த முடிச்சின் பாஷை லாய்டின் ஐந்து ஆட்களைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

இருந்தாலும், யார் அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறார்கள்? சாந்தோமில் இறங்கும்போது மனசு ஒருமாதிரி சமாதானமாகியிருந்தது.

“வாம்மா வயர்மேன்!” என்றார் லாய்ட். கடிதத்தை டைப் அடித்து மேஜைமேல் வைத்திருந்தார். “படிச்சிப் பாரு. ‘பொறுப்பாகவும் கவனமாகவும் வேலை செய்தார்’. ஐவிதான் எழுதிக் குடுத்தா. ஸ்கூல் டீச்சராச்சே, என் பொண்டாட்டி தமிழ் எப்பவும் கரெக்டா கீது.”

சிரித்துக்கொண்டே பேனாவைத் தேடினார். தேடியபடியே பேசினார். “காந்தி நகர் ஷண்முகப்ரியா மேடம் இல்ல? பாத்திரம் கழுவுற மெஷின் வாங்கிட்டாங்களாம். நாலு மணிக்கு கம்பெனி ஆள் வரானாம். கிச்சன்ல பழைய ப்ளக்க கழட்டிட்டு, பெருசா அவனே மாட்டிக் குடுக்குறானாம். நம்மள ஒரு வார்த்த கூப்புடல பாரு.”

“எந்த ப்ளக்குணா?”

“சிங்க் பக்கத்துல.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. கடிதத்தின் கீழே அவர் பெயர் அச்சாகி, அதற்கு மேல் இரண்டு விரல் இடம் காலியாக இருந்தது. பேனாவும் கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் போதும்.

“அண்ணா, அதுல பச்சை வயர் பேஸு.”

“ஜோக்கு அடிக்காத.”

“பாப்பாவுக்கு புதுநன்மை அன்னிக்கு. சிவப்பு தீந்துபோச்சு. முடிச்சி போட்டு வெச்சேன். எர்த்துக்கு மஞ்சள் குடுத்துக்கீறேன். வரவன் மெயின ஆஃப் பண்ணிட்டுதான் கழட்டுவான், டெஸ்டர் வெச்சிப் பாக்க மாட்டான். மஞ்சள பேஸுல மாட்டுவான், பச்சைய எர்த்துல மாட்டுவான். மெஷின் ஓடாது. ஆனா மெஷின் பாடி பூரா கரென்ட்டு.”

லாய்ட் பேனா மூடியைத் திருகித் திறந்தார், பிறகு மூடினார்.

“அந்த வீட்டு வேலை சரியா முடிஞ்சுதுன்னு கையெழுத்து போட்டது யாரு தெரியுமா?”

“நீங்க.”

“அந்தம்மா அசோசியேஷன் செகரட்டரி. அந்த பில்டிங்ல இருபத்தி நாலு வீட்டு வேலையும் நம்மளாண்டதான் கீது. மூணு வருஷம் வாயத் தொறக்கல. இப்ப சொல்ற.”

“இன்னிக்கு மத்தியானம்தான் ஞாபகம் வந்துச்சுணா.”

“இதுல ‘கவனமாகவும்’னு போட்டுக்கீது. இதுக்குக் கீழ நான் இன்னான்னு கையெழுத்து போடறது?”

அவர் கடிதத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். அன்புக்கரசி அதைப் பார்க்கவில்லை. மேஜையோரம் கிடந்த அவருடைய போனை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

“கையெழுத்த அப்புறம் பாத்துக்கலாம்ணா. மெயின ஆஃப் பண்ணிட்டு யாரும் எதையும் தொடாதீங்கன்னு அந்தம்மாவுக்கு இப்பவே போன் போட்டு சொல்லுங்க. தப்பு பண்ணது அன்புக்கரசின்னு என் பேரையே சொல்லுங்க.”