இரண்டாம் கட்டின் குளுமை

மே 6, செவ்வாய்

குறித்துவைக்க வேண்டிய தவறு: ஆய்வில் சேர்ந்தபோது சித்ராவுக்குக் கொடுத்த வில்லையை நீல நாடாவில் கோக்காமல் கறுப்புக் கயிற்றில் கோத்துவிட்டேன். நாடா தீர்ந்துபோயிருந்தது. அம்மாவின் தையல் பெட்டியில் கறுப்புக் கயிறு கிடந்தது. கயிற்றின் நிறத்தில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வில்லை என்று நாங்கள் சொல்வது ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள வெப்பமானி. கழுத்தில் போட்டிருப்பவரைச் சுற்றி எவ்வளவு வெப்பம் என்று அது தானாகப் பதிந்துகொண்டே இருக்கும். பகலில் போட்டுக்கொள்ள வேண்டும், படுக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும். இரவுக்கு வீட்டுச் சுவரில் தனிக்கருவி உண்டு. எவ்வளவு நேரம் உறங்கினார்கள் என்பதை மணிக்கட்டில் கட்டும் பட்டை சொல்லும். கோடையில் கர்ப்பிணிகளின் உறக்கமும் ரத்த அழுத்தமும் எப்படி இருக்கின்றன என்பதுதான் ஆய்வு. மதுரையிலிருந்து சத்தியமூர்த்தி சார் நடத்துகிறார். கீழச்சிவல்பட்டியில் வீடு வீடாகப் போய்க் கருவிகளை மாட்டுவதும், விவரங்களைக் கணினியில் இறக்குவதும் என் வேலை.

சித்ரா இரவில் வில்லையைக் கழற்றவில்லை. இன்று இறக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதைவிட விநோதமான ஒன்றும் தெரிந்தது. அவள் வீட்டுச் சுவர்க் கருவி இரவில் முப்பத்துமூன்று டிகிரி காட்டுகிறது. அதே இரவில் அவள் கழுத்து வில்லை இருபத்தொன்பது காட்டுகிறது. ஒரே வீட்டுக்குள் இது நடக்காது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். கருவிகளின் எண்களை மாற்றி ஒட்டிவிட்டேனா என்று பார்த்தேன். இல்லை. வில்லையை ஐஸ் தண்ணீரில் போட்டுச் சோதித்தேன். அது சரியாகத்தான் இருந்தது. மாலை காரைக்குடியில் புள்ளியியல் வகுப்பு. பக்கத்தில் உட்காரும் ஹரீஷிடம் திரையைக் காட்டினேன்.

"அழிச்சுட்டுப் போ. ஒரு ஆளுக்காக ஒன் படிப்பையே கெடுத்துக்கிருவ போல."

"ஏன்னு தெரியாம எப்படி அழிக்கிறது?"

"தெரிஞ்சா மட்டும் தூங்கவா போற?" என்றான்.

வகுப்பு முடியும் முன் மற்ற வீடுகளின் கோடுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு அச்சாகப் பொருந்தியது. மெய்யம்மை ஆச்சியின் பெரிய வீடு, முற்றத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டு.

அந்த வீட்டில் யாரும் இல்லை. பங்காளிகள் எல்லோரும் வெளியூர். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய வீட்டுக்குள் வெப்பம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அங்கேயும் கருவி வைத்திருக்கிறோம். சென்னையிலிருக்கும் ஆச்சிதான் அனுமதி கொடுத்தார். தினமும் அந்தி சாயும்போது உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு வருவது சித்ராவின் அம்மா பொன்னுத்தாயி. சாவி அவரிடம் இருக்கிறது.


மே 7, புதன்

சித்ராவுக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சித்ராவுக்கு என் வயதுதான். ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்தேன். பட்டையைக் கழற்றி மாட்டினேன். வேலை எல்லாம் முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

"ராத்திரி எங்க படுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வரவில்லை.

"இங்கனதான்" என்றார் பொன்னுத்தாயி அக்கா. "வேற எங்குட்டுப் போறது?"

"வில்லைல தெரியுதுக்கா."

"எதுல? அந்தத் தாயத்துலயா?"

"தாயத்து இல்லக்கா அது."

"தாயத்து இல்லையா? பள்ளிவாசல்ல ஓதிக் குடுத்ததுன்னுல்ல நெனச்சேன்! கறுப்புக் கயித்துல கோத்து, அதுவும் பாய் வீட்டுப் புள்ள நீ கொண்டாந்து கட்டுனா வேற என்னன்னு நெனைக்கிறது? மாசமா இருக்கிற புள்ள அதை ராத்திரி கழட்டலாமாடின்னு நாந்தான் அதட்டி வச்சேன்."

"நான் அப்பவே சொன்னேன், வெயில் பாக்குற மிசினுன்னு" என்று சித்ரா சிரித்தாள். "கேட்டாத்தானே. நாளைக்கு நர்சம்மா ஊசி போட்டாலும் எந்தக் கோயில்ல மந்திரிச்சதுன்னு கேக்கும் எங்கம்மா."

மூன்று பேரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியது பொன்னுத்தாயி அக்கா.

"என்னா தெரியுது அதுல?"

சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தியதும் சிமெண்ட் ஷீட்டின் அனல் தலைமேல் இறங்கியது. காதோரம் வேர்வை வழிவது எனக்குத் தெரிந்தது. சித்ரா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே சுவரில் சாய்ந்தாள்.

"பாத்தீல்ல? இதுக்குக் கீழ இவளால மூச்சு விட முடியல. வந்த மொத வாரம் தூங்கவே இல்ல, காலெல்லாம் வீங்கிப் போச்சு. வெளிய கட்டில் போடலாம்னா நாயி ஒரு பக்கம், குடிச்சுட்டு வாரவன் ஒரு பக்கம். அதான் வெளக்கேத்தப் போறப்பக் கூட்டிட்டுப் போயி ரெண்டாங்கட்டுத் தரையில பாயப் போட்டுப் படுக்க வைக்கிறேன். விடியறதுக்குள்ள கூட்டிப் பெருக்கிட்டு வந்துருவோம். ஒரு சாமானத் தொட்டதில்ல."

"ஆச்சிகிட்டக் கேட்டுப் பார்க்கலாமே அக்கா."

"பங்காளிக ஆரும் இல்லாதப்ப வேத்தாளு ராத்தங்கக் கூடாதுன்னு சொல்லித்தான் சாவியவே குடுத்தாக. அதுவும் மாசமா இருக்கிறவ. உள்ள இருக்கையில வலி கண்டு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா, ஆச்சி ஒருத்தவுக பொறுத்தாலும் மத்த பங்காளிக விடுவாகளா? தீட்டுன்னு சொல்லி எங்கள வாசப்படி மிதிக்க விடமாட்டாக." என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ள பொறக்குற வரைக்குந்தான். யார்ட்டயும் சொல்லிப்புடாத தாயி."

சொல்ல மாட்டேன் என்றேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். வாக்குக் கொடுத்தது நானா, ஆய்வா? ஆய்வில் சேருகிற ஒவ்வொருவரிடமும், நீங்கள் சொல்வது ஊரில் யாருக்கும் போகாது என்று வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குகிறோம். ஆகவே வாக்குச் சரி. ஆனால் சித்ராவின் உறக்கம், அவள் உறங்காத வீட்டின் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அது சரியில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.


மே 9, வெள்ளி

நேற்று எதுவும் எழுதவில்லை. எழுதினால் முடிவு எடுக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். இன்று அதுவே தேடி வந்துவிட்டது.

காலையில் சார் கூப்பிட்டார். குரலில் அத்தனை உற்சாகம்.

"அஃப்ரின், சித்ராவோட வரைபடத்தைப் பாத்தீங்களா? சிமெண்ட் ஷீட் வீடு, ராத்திரி முப்பத்துமூணு டிகிரி, எட்டாம் மாசம். ஆனா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாங்க. பிரஷரும் நார்மல். உடம்பு பழகிக்கிடுச்சும்மா! திங்கட்கிழமை கூட்டத்துல இதைத்தான் முதல்ல காட்டப் போறேன்."

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். ஷீட் வீடுகளின் கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். இந்தப் படத்தைப் பார்த்தால் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். பழகிவிட்டவர்களுக்குப் பூச்சு எதற்கு?

"சார், அவங்க தூக்கத்தை மட்டும் எடுத்துடலாமா? அது அந்த வீட்டுத் தூக்கம் இல்ல."

"அப்ப எந்த வீட்டுத் தூக்கம்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"காரணத்தை எழுதிக் குடுங்க, இப்பவே எடுத்துடுறேன். காரணமே இல்லாம ஒரு எண்ணை எடுத்தா அதுக்குப் பேரு ஆய்வு இல்லம்மா. வகுப்புல சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருக்கிறார்கள். சார் சொல்வது சரி. ஆனால் எழுதிய காரணம் அறிக்கையில் ஏறும். அறிக்கை, வீட்டைக் கொடுத்த ஆச்சிக்கும் போகும். பெயரே போடாமல் எழுதினாலும், அந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஆச்சிக்குத் தெரியும்.

மத்தியானம் மெய்யம்மை ஆச்சியே கூப்பிட்டார்.

"நல்லா இருக்கியா அஃப்ரின்? சார் படம் அனுப்பிச்சாக. எங்க வீடு எப்புடிக் குளுகுளுன்னு இருக்கு பாத்தியா! எங்க பாட்டையா சும்மாவா கட்டுனாக!"

"ஆமா ஆச்சி."

"அந்தக் கருவியெல்லாம் வெல ஒசந்ததாமுல்ல? காணாமப் போச்சுன்னா எங்க வீட்டுப் பேருல்ல கெடும். அதான் நாளைக்கு ரெண்டாங்கட்டுல கேமரா மாட்டச் சொல்லிருக்கேன். இங்கன இருந்தே போன்ல பாத்துக்கிருவேன்."

"வேண்டாம் ஆச்சி. அது அப்படி ஒண்ணும் பெரிய வெலை இல்ல."

"நீ சின்னப் புள்ள. ஒனக்கு ஒலகம் தெரியாது."

உடனே சாரைக் கூப்பிட்டு, பெரிய வீட்டுக் கருவிகளைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். மாதக் கடைசிவரை இருக்க வேண்டும், நடுவில் கழற்ற முடியாது என்றார். "என்னம்மா இன்னைக்கு ஒவ்வொண்ணா கழட்டணுங்கறீங்க?"

யாரும் கெட்டவர்கள் இல்லை. திட்டுவதற்கு ஒருவராவது இருந்தால் தேவலை. அந்த வீடு குளுமையானது என்று எங்கள் கருவி கண்டுபிடித்தது. அந்தக் கருவியைக் காவல் காக்க வரும் கேமரா, அங்கே படுத்து உறங்குகிறவளை வெளியே அனுப்பப்போகிறது. கருவியை ஆணியடித்து மாட்டியவள் நான்.

வகுப்பில் இன்று என்ன நடத்தினார்கள் என்று தெரியவில்லை.


மே 10, சனி

கேமரா வருகிறது என்று சொல்லவாவது வேண்டும் என்று கிளம்பினேன். பஸ்ஸில் ஒப்புதல் படிவத்தை எடுத்து வாசித்தேன். பல வீடுகளில் வாசித்து வாசித்து அது எனக்கு வெறும் சத்தமாகிவிட்டிருந்தது. "விருப்பமில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. விலகினால் உங்கள் விவரங்கள் அழிக்கப்படும்."

ஒருவரை ஆய்வில் சேரச் சொல்லி நான் வற்புறுத்தக் கூடாது. விலகச் சொல்லியும் வற்புறுத்தக் கூடாது. வாசித்துக் காட்டலாமா? சேரும்போது வாசித்ததுதானே. மறுபடி வாசிக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இது நியாயமா, நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும் சாக்கா என்று பஸ் நிற்கும்வரை தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

கேமராவைப் பற்றியும், சாரின் திங்கட்கிழமைப் படத்தைப் பற்றியும், கூரைப் பூச்சைப் பற்றியும் சொன்னேன். பொன்னுத்தாயி அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். சித்ராதான் கேட்டாள்.

"நான் நல்லாத் தூங்குறதால இந்தத் தெருவுல ஆருக்கும் பூச்சுக் கெடைக்காதா?"

"கிடைக்காமப் போகலாம்."

"எதனாலன்னு சொன்னா அம்மா வேலை போகும்."

"ஆமா."

பிறகு படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். விலகும் பகுதியை மற்றதைவிட மெதுவாக வாசிக்காமல் பார்த்துக்கொண்டேன். சித்ரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரணமே சொல்ல வேணாமா?"

"வேண்டாம்."

"கட்டுன புருசன்கிட்டக்கூட அப்புடி வெலக முடியாது" என்றாள். "நான் வெலகிக்கிறேன்."

"வாரா வாரம் பிரஷர் பாப்பியே, அது?" என்று பொன்னுத்தாயி அக்கா என்னைக் கேட்டார்.

"ஆஸ்பத்திரில நர்ஸ் பாப்பாங்கக்கா. நானும் சும்மா வந்து பாக்குறேன்."

சித்ரா கையெழுத்துப் போட்டாள். பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். வில்லையைக் கயிற்றிலிருந்து உருவிக் கொடுத்துவிட்டுக் கயிற்றை மட்டும் கழுத்திலேயே கட்டிக்கொண்டாள். அம்மாவுக்காக என்றாள்.

சாருக்குப் போனில் சொன்னேன்.

"ஏன் விலகுனாங்க?"

"காரணம் சொல்லல சார்."

"நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"ஒப்புதல் படிவத்தை மறுபடி வாசிச்சேன் சார்."

மறுமுனையில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அழிச்சிருங்க" என்றார். திங்கட்கிழமைக்கு வேறு படம் தேட வேண்டும் என்றும் சொன்னார். என்மேல் கோபமா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அழித்தேன். சுவர்க் கருவியின் கோடு, வில்லையின் கோடு, உறக்கம், ரத்த அழுத்தம். ஷீட் வீட்டில் உறக்கமில்லாமல் கால் வீங்கியவள், நாலு டிகிரி குறைந்த இடத்தில் படுத்ததும் நன்றாக உறங்கினாள் என்பதற்கு எங்களிடம் இருந்தது இந்த ஒரு விவரம்தான். பொய்யான படத்தைத் தடுக்க உண்மையான படத்தையும் சேர்த்துத்தான் அழிக்க முடிந்தது. இது தவறா இல்லையா என்று இன்றைய தேதியில் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

சாயங்காலம் கேமரா மாட்டிவிட்டுப் போனார்களாம். பொன்னுத்தாயி அக்கா போன் செய்தார். "செவப்பா ஒத்தக் கண்ணு, நான் போற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குது. வெளக்கேத்திக் கும்புட்டுட்டுப் பூட்டிட்டு வந்துட்டேன்." பின்னால் தகரத் தட்டியை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது. சித்ரா இன்றிலிருந்து ஷீட்டுக்குக் கீழேதான். தண்ணீர் தெளித்து, ஈரச் சேலையைக் கதவில் கட்டியிருக்கிறார்களாம்.

ஆய்வில் இருப்பவர் வீட்டில் நாங்கள் எதையும் மாற்றக் கூடாது. சித்ரா இப்போது ஆய்வில் இல்லை. தோப்புக் காவலில் இருக்கும் மலையாண்டி அண்ணனிடம் கேட்டேன். தென்னங்கீற்று வேண்டிய அளவு கிடக்கிறது, வண்டியில் கொண்டுவந்து போடுகிறேன் என்றார். ஷீட்டின் மேல் கீற்றைப் பரப்பினால் வெப்பம் எவ்வளவு குறையும் என்று எனக்குத் தெரியாது. சுவர்க் கருவியைக் கழற்றிவிடுவதால் இனியும் தெரியப்போவதில்லை.

நாளை ஞாயிறு. காலை முதல் பஸ்ஸில் கீழச்சிவல்பட்டி போக வேண்டும். சித்ரா வீட்டுச் சுவர்க் கருவியைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். வெயில் ஏறும் முன் கீற்றைக் கூரைமேல் ஏற்ற வேண்டும். காற்றில் பறக்காமல் கட்டக் கயிறு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.