மூன்று வினாடி

…ஒரே ஒரு இலக்கம்தான், மூன்றை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டிருக்கிறாள், அவ்வளவுதான், அதற்கு இவ்வளவு பெரிய விளக்கம் எதற்கு, அதுவும் இத்தனை பணிவாக… நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். திட்டுகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும், 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரியைப் போட்டுக் கதவைச் சாத்திவிடலாம். இவள் திட்டவில்லை. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள், முகம் தெரியாது, குரல் தெரியாது, நான் எழுதிய மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றலாமா என்று கேட்கிறாள், கேட்டதோடு நிற்காமல் தானே மாற்றியும் அனுப்பியிருக்கிறாள், நான் 'ஏற்றுக்கொள்' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். கீழே விசில் ஊதுகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீச்சல் குளம், இந்தப் பக்கம் பெற்றோர்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலிகள், எவ்வளவு துடைத்தாலும் ஈரம் போகாத தரை, மூக்கில் ஏறும் குளோரின் நெடி, மடியில் சூடாகிக்கொண்டிருக்கும் லேப்டாப். சனிக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமாவுக்கு அச்சகத்தில் ஷிஃப்ட், அதனால் அக்கா மகளை நீச்சலுக்குக் கூட்டிவருவது என் பொறுப்பு. வாலு என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுகிறோம். வாலு நீந்துகிற இந்த நேரத்தில்தான் நான் கொக்கைக் கவனிப்பேன், வாரம் முழுக்க வேறு ஒருவரின் கம்பெனிக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தேய்ந்த மூளையில் மிச்சம் ஏதாவது இருந்தால்.

கொக்கு… பெயர் வைத்ததும் அக்காதான். வாயும் போய், கையும் போய், அறிவு மட்டும் அப்படியே முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்கான மென்பொருள் அது. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும், ஒவ்வொரு வரிசையும் சற்று நேரம் ஒளிரும், வேண்டிய வரிசை ஒளிரும்போது சுவிட்சைத் தட்ட வேண்டும், பிறகு அந்த வரிசைக்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும், மறுபடி தட்டினால் எழுத்து விழும், எழுத்து சேர்ந்து வார்த்தையானதும் ஒரு குரல் அதை வாசிக்கும். தட்ட ஒரு விரல் போதும், விரலும் போய்விட்டால் கன்னம். அக்காவுக்கு முதலில் விரல், கடைசியில் கன்னம். இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்ட அன்று 'கொ' என்று மட்டும் விழுந்தது, கொசுவா என்றேன், கொலுசா என்றேன், முறைத்தாள், வாயை மூடிக்கொண்டு முழுசாகச் சொல்லவிடு என்று அந்த முறைப்புக்கு அர்த்தம், சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கமான முறைப்பு. கொக்கு என்று முடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, காத்துக்கிட்டே நிக்குதே என்றாள், அதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமா கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போயிருந்தது.

அவளுக்கென்று எழுதியதை நான் ஏன் ஊருக்குத் திறந்துவிட்டேன்? யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம், காசு வேண்டாம். அப்போது பெருமையாக இருந்தது. இப்போது தினமும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று ஓடவில்லை, புது கம்ப்யூட்டரில் குரல் வரவில்லை, பழைய கம்ப்யூட்டரில் எழுத்து உடைகிறது, 'அன்புள்ள குழுவினருக்கு' என்று ஆரம்பிக்கிறார்கள். குழுவாம். குழு இதோ நீச்சல் குளத்து மாடியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, காலில் ஈரம் படாமல் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. கூட இருந்த ஒருத்தியும் குழந்தை பிறந்ததும் மெல்ல விலகிவிட்டாள், அவளைக் குறை சொல்ல முடியாது, சொல்லாமல் போனாள் என்றுதான் வருத்தம். கொக்கைத் தன் கருவிக்குள் போட்டு விற்கிற ஒரு கம்பெனி இருக்கிறது, அதன் மேனேஜர் 'மிக அவசரம்' என்று தலைப்புப் போட்டு எனக்கு எழுதுகிறார், நான் என்னமோ அவர் வீட்டுச் சம்பளத்துக்கு இருப்பது மாதிரி. எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடலாம், அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் யாரும் எதுவும் கேட்க முடியாது, எத்தனையோ தடவை அந்தப் பொத்தான் வரைக்கும் போயிருக்கிறேன்… மூடவில்லை. ஏன் மூடவில்லை என்று யாராவது கேட்டால் சேவை, பொறுப்பு, நோயாளிகள் என்று சொல்லுவேன், அதெல்லாம் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை, முழு உண்மை அந்த மூன்று.

அப்போதெல்லாம் ஆபீஸ் விட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போவேன். பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே லேப்டாப்பைத் திறப்பேன். வரிசை ஒளிர்ந்ததற்கும் அவள் தட்டியதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று நிரலே அளந்து சொல்லும், நான் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்டுவேன், அவசரப்பட்டுத் தவறாகத் தட்டி அவள் அழக் கூடாது, அழுதால் துடைத்துக்கொள்ளக்கூட அவளால் முடியாது. கடைசியில் மூன்று வினாடி என்று நின்றது. ஒரு வரிசைக்கு மூன்று, ஒரு எழுத்துக்கு மூன்று. அதையே கொக்கின் இயல்பு நேரமாக வைத்தேன், யார் புதிதாக இறக்கினாலும் முதல் தடவை திறக்கும்போது அது மூன்று வினாடி காத்திருக்கும், அப்புறம் அவரவர் வசதிப்படி மாற்றிக்கொள்ளட்டும். அக்கா போன பிறகும் மூன்று. மெதுவாக இருக்கிறது, குறையுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள், 'பழைய பயனர்களைப் பாதிக்கும்' என்று கேட்பவருக்கெல்லாம் அதே பதில் போட்டேன். எந்தப் பழைய பயனர்? ஒரே ஒரு பழைய பயனர். உலகத்தில் எங்கேயோ, பெயர் தெரியாத அறையில் யாராவது கொக்கைத் திறக்கும்போது அக்கா தட்டுவதற்கான இடைவெளி அங்கே விழுகிறது, அவள் நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது போதும் எனக்கு, பைத்தியக்காரத்தனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். எனக்கு அக்கா இல்லாமல் இருக்கத் தெரியவில்லை.

மூன்று வினாடியிலும் அவள் வாய் சும்மா இருக்காது. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஏதாவது தொந்தரவு இருந்தா உடனே சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இவள் தட்ட ஆரம்பித்தாள். டாக்டர் அடுத்த அறைக்குப் போனார், அதற்கடுத்த அறைக்குப் போனார், இவள் தட்டிக்கொண்டே இருக்கிறாள், கடைசியில் குரல் வாசித்தது, "உடனேவா?" நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அது போதாதென்று, போய் அவரிடம் சொல்லிவிட்டு வா என்று கண்ணால் விரட்டினாள், நான் வராந்தா முழுக்கத் தேடி, படியில் இறங்கி ஓடி, காரில் ஏறப்போன மனுஷரை நிறுத்தி, மூச்சு வாங்க, "உடனேவான்னு கேக்கறாங்க டாக்டர்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னது அவருக்கே மறந்துபோயிருந்தது. திரும்பி வந்து, விழுந்து விழுந்து சிரிச்சாருக்கா என்று பொய் சொன்னேன்.

இப்போது இந்தப் பயிற்சியாளர் எழுதுகிறாள், தன்னிடம் ஒரு பஸ் டிரைவர் வருகிறாராம், புதிதாக நோய் வந்தவர், விரல் நன்றாகவே இருக்கிறதாம், ஆஸ்பத்திரியில் ஒரு வினாடியில் வைத்துக் கொடுத்தபோது மனைவியைக் கிண்டலடித்தே எழுதினாராம். வீட்டுக்குப் போய் அந்த அம்மா தங்கள் கம்ப்யூட்டரில் புதிதாக இறக்கியிருக்கிறாள், மூன்று வந்துவிட்டது, எங்கே போய் மாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, இதுதான் இனி தன் வேகம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்த முறை பார்க்கப் போனபோது சுவிட்சை எடுத்துவிடச் சொல்லியிருந்தாராம். 'கண்ணை மூடிக்கொள்கிறார். நான் ஒன்றுக்கு மாற்றிக் காட்டினேன், அவர் பார்க்கவில்லை. இவர் ஒருவர்தான் என்றால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.' இதை நான் எத்தனை தடவை படித்துவிட்டேன்… பதில் எழுதுகிறேன், அழிக்கிறேன். அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாமே என்று எழுதி அழித்தேன். முதல் தடவை திறக்கும்போதே வேகத்தைக் கேட்கும்படி செய்கிறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று எழுதினேன், செய்ய வேண்டியதுதான், ஆனால் எப்போது செய்வேன், அதுவரைக்கும் எத்தனை பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள், அழித்தேன். என் அக்காவுக்காக எவனோ ஒரு டிரைவர் ஊமையாக இருக்க வேண்டுமா? கூடாது. அக்காவே இருந்தால் என்ன சொல்லியிருப்பாள், மாத்துடி லூசு என்றிருப்பாள், அது தெரியாமலா உட்கார்ந்திருக்கிறேன், தெரிந்துதான் கை போகவில்லை. மாற்றிவிட்டால் அவளுடையது என்று அந்த நிரலில் என்ன இருக்கிறது?

விசில் நின்றுவிட்டது போல, பிள்ளைகள் படியேறி வருகிற சத்தம். வாலு துண்டைப் போர்த்திக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து பக்கத்து நாற்காலியில் விழுந்தாள், என் பையைத் துழாவி பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள், லேப்டாப்பில் ஒரு சொட்டு விழுந்தது, திட்ட வாயெடுத்துத் திட்டவில்லை. வளர்ந்துவிட்டாள், கால் நீளம் அப்படியே அக்கா.

"என்ன சித்தி, கம்ப்யூட்டரோட சண்டையா?"

"ஒருத்தங்க கொக்கை மூணுலேர்ந்து ஒண்ணா மாத்தச் சொல்றாங்க."

"மாத்துங்களேன்."

"அது உங்கம்மாவோட மூணுடி."

வாலு தலையைச் சாய்த்துக் காதில் போன தண்ணீரைத் தட்டி எடுத்தாள். "அம்மா எங்க மூணுல பேசினாங்க? ஒண்ணுதானே."

என்ன சொல்கிறாள் இவள், குழந்தை, சின்னப் பிள்ளையாக இருந்தாள் அப்போது, ஞாபகம் குழம்பியிருக்கும்… "இல்ல, மூணு. நான்தானே வெச்சேன்."

"நீங்க மூணுதான் வெச்சீங்க. நான் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒண்ணுல போடுவேன். கடகடன்னு பேசுவாங்க, ஹோம்வொர்க்கெல்லாம் சொல்லிக் குடுப்பாங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டியப் பத்தி வம்பு வேற. கன்னத்துக்கு மாத்தினப்புறமும்தான். அப்புறம் நீங்க வர்ற நேரம் ஆயிடுச்சுன்னா, சித்தி வர்றதுக்குள்ள மூணுல வெச்சிடுன்னு சொல்லுவாங்க, நான் வெச்சிடுவேன்."

"ஏன்?"

"நான் கேக்கலையே." பிஸ்கட்டை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்தாள். "டிரஸ் மாத்திட்டு வந்துடறேன், எனக்கு ரொம்பப் பசிக்குது, இது பத்தாது."

ஈரக்கால் தடம் வைத்துக்கொண்டே போகிறாள், ஒன்றும் சொல்லாதவள் போல… பொத்தானை அழுத்திவிட்டேன். மூன்று போய் ஒன்று வந்துவிட்டது, நன்றி என்று ஒரு வார்த்தை கூட அந்தப் பயிற்சியாளருக்கு எழுதத் தோன்றவில்லை, டிரைவர் கண்ணைத் திறப்பாரா, திறக்கட்டும், திறக்க வேண்டும். ஆனால் அக்கா… தங்கச்சி பார்த்துப் பார்த்து வைத்தது, தப்பு என்று சொன்னால் மனம் நொந்துவிடுவாள் என்று பொறுத்துக்கொண்டாளா? அவள் என்றைக்கு என் மனம் நோகுமென்று பார்த்துப் பேசியிருக்கிறாள்? இல்லை, ஒருவேளை மாலையானால் நிஜமாகவே களைத்துப்போனாளோ, அப்படியும் இருக்கலாம், டாக்டரைக் கேட்டால் இருக்கலாம் என்றுதான் சொல்லுவார். ஆனால் நான் என்ன செய்வேன், அவள் ஒரு வாக்கியத்தை முடித்ததும், சரிக்கா, நாளைக்கு வர்றேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். வாக்கியம் முடிந்தால்தான் கிளம்புவேன், நடுவில் எழுந்து போனால் மரியாதை இல்லை என்று, எவ்வளவு நேரமானாலும் தோளில் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் அந்த ஒரு வரிசை ஒளிர்ந்து அணையப் போகும் கடைசி நொடி வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், பிறகு தட்டுவாள், நான் நேரத்தைக் குறித்துக்கொள்வேன், பாவம், இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கு இவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்று நான் அளந்தது சரியாகத்தான் இருந்தது, எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.