இருநூற்றுப் பதினான்கு இணைப்புகள்

ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் சுஜிதாவுக்கு எரிச்சல்தான் வரும். இன்றைக்கு எரிச்சல் வரவில்லை, பயம் வந்தது. இந்த ஃபோல்டரில் இருப்பவை இணைப்புகள், அவை காட்டும் இடத்துக்குப் போய் அங்கே இருப்பதையும் சேர்த்து எடுக்கட்டுமா வேண்டாமா என்று திரை கேட்டுக்கொண்டு நின்றது.

பக்கத்து நாற்காலியில் கிளமென்ட் மாமா. சித்தூர் சபைக்குப் பதினோரு வருஷம் செகரட்டரியாக இருந்தவர். போன மாதத் தேர்தலில் சுஜிதாவின் அப்பா, அவளுக்கு நைனா, சுந்தர்ராஜிடம் ஒன்பது ஓட்டில் தோற்றவர். ஞானஸ்நானப் பதிவேடு முழுவதும் தனக்கு ஒரு காப்பி வேண்டும் என்று பாஸ்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காலை பத்து மணிக்கே ஹார்ட் டிஸ்க்கோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா பாப்பா, நின்னுபோச்சா?"

"இல்ல மாமா. ஒரு கேள்வி கேக்குது."

"இன்னா கேள்வி?"

அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் தொலைந்தது.

சுஜிதா இந்த அலுவலகத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பழைய பதிவேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியது அவள்தான். ஒரு ஃபோல்டருக்கு ஒரு ஜன்னல் என்று பதினைந்து ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு தடுமாறுவது அவளுக்குப் பிடிக்காது. அதனால் திரையை இரண்டாகப் பிரித்து, மேலே வரிசையாக டேப் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டிருந்தாள். இடது பக்கத்தில் பதிவேடு, பத்து வருஷத்துக்கு ஒரு டேப். வலது பக்கத்தில் சபை ஃபீஸ் கட்டிப் படிக்கவைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு பக்கத்திலும் பெயர்கள் ஒன்றாக இருக்காது. இந்தச் சபை ஜனங்களில் பாதிக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் கோயிலில் வைத்தது தபீதாள், பள்ளியில் பத்மாவதி. தீமோத்தேயுவுக்கு ஃபீஸ் கட்டணும் என்று ஒரு தாய் வந்து நிற்பாள். தீமோத்தேயு என்று ஒரு சான்றிதழும் இருக்காது. தேடித் தேடிக் கண் பூத்துப்போய், கடைசியில் சுஜிதா ஒரு வேலை செய்தாள். பதிவேட்டுக்குள்ளேயே 'இணைப்பு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, கோயில் பெயரைத் தட்டினால் நேரே பள்ளிப் பெயருக்குப் போகும்படி ஒவ்வொன்றாக இணைத்து வைத்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. கமிட்டியில் கை தட்டினார்கள். நைனா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டு தரம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அந்த இரண்டு பெயர்களும் ஏன் இத்தனை வருஷம் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தன என்று அன்றைக்கு ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. கெட்டிக்காரி சுஜிதாவும் யோசிக்கவில்லை.

இப்போது, கிளமென்ட் மாமாவின் மூச்சுக்காற்று தோளில் படும் தூரத்தில், யோசித்தாள். அக்கா தபீதாளுக்கு டீச்சர் வேலை வந்திருக்கிறது. நாளைக்குக் காலை திருப்பதியில் சான்றிதழ் சரிபார்ப்பு. வேலை கிடைத்தது எஸ்.சி. பட்டியலில், பத்மாவதி என்ற பெயரில். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்பது சட்டம். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் டவுனில் வாடகைக்கு வீடு கேட்டால் பழைய பதில்தான் வந்தது என்பது சட்டத்துக்குத் தெரியாது. பத்மாவதிதான் தபீதாள் என்று யாராவது ஒரு மனு போட்டால் போதும். ஏழு வருஷப் படிப்பும் வேலையும் ஒரே நாளில் போய்விடும்.

அந்த மனுவுக்கு வேண்டிய அத்தாட்சியைத் தங்கை தன் கையாலேயே அடுக்கி வைத்திருக்கிறாள்.

"வேணாம்னு குடுக்கறேன் மாமா. அது உங்களுக்குத் தேவையில்லாத ஃபைலு" என்றாள். குரல் நடுங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். 'எதையும் பின்தொடர வேண்டாம்' என்பதை அமுக்கினாள். பச்சைக் கோடு மறுபடி நகர்ந்தது.

கிளமென்ட் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "திருச்சானூர்ல சபீனா கடைல கொஞ்சம் பிரிண்ட் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவள், சும்மா இருக்காமல் 'இணைப்பு' டேப்பைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு அம்புக்குறி, அதற்கு எதிரே அது போய்ச்சேரும் விலாசம். தபீதாள், அம்புக்குறி, பள்ளி, பத்மாவதி. சான்றிதழ்கள் டிஸ்க்கில் போகவில்லை. ஆனால் இணைப்பு இணைப்பாகவே போயிருக்கிறது, விலாசத்தைச் சுமந்துகொண்டு. அங்கே தட்டினால் கதவு திறக்காதுதான். கதவில் பெயர் எழுதியிருக்கிறதே.

கிளமென்ட்டுக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். நைனாவுக்குப் போன் போட்டு, அவசரமாக அக்காவைப் பார்க்கத் திருப்பதி போவதாகவும் ஆபீஸைப் பூட்டவில்லை என்றும் சொன்னாள். சரி, நான் போய் உக்காந்துக்கறேன் என்றார் அவர்.

பஸ் பூதலப்பட்டு தாண்டுவதற்குள் நாலு தரம் நின்றது. ஒவ்வொரு தரமும் டிரைவரைக் கடித்துத் துப்பிவிடலாம் போல இருந்தது. சந்திரகிரி கிட்டே வரும்போது அக்கா போன் செய்தாள். லாட்ஜில் ரூம் கிடைத்துவிட்டதாம். நாளைக்குக் கட்ட நீலச் சேலையா மஞ்சளா என்று கேட்டாள்.

"நீலம் கட்டிக்கோ."

"ஏன் ஒரு மாதிரி பேசற? துன்னியா இல்லியா?"

"துன்னேன்" என்று பொய் சொன்னாள் சுஜிதா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. சபீனாவின் டிடிபி கடை லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு சின்ன அறை. சபீனா மவுஸைப் பிடித்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் கிளமென்ட் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்திருந்தார். திரையில் அவளுடைய 'இணைப்பு' ஃபோல்டர், த வரிசையில் வந்து நின்றிருந்தது.

"தொறக்க மாட்டேங்குது சார். ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாத்தா எங்க போவுதுன்னு தெரியும்" என்று சபீனா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சபீனாக்கா, நான் பாக்கறேன். இது நான் பண்ணது" என்று சுஜிதா உள்ளே புகுந்தாள்.

கிளமென்ட் நிமிர்ந்து பார்த்தார். அவள் எப்படி இங்கே வந்தாள் என்று கேட்கவில்லை. சபீனா இடம் விட்டு எழுந்து, ஜெராக்ஸ் கேட்டு நின்ற ஆளைக் கவனிக்கப் போனாள்.

சுஜிதா உட்கார்ந்தாள். தபீதாள் மேல் அம்பை வைத்து, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டெலீட்டை அமுக்கினாள். கேட்ட கேள்விக்கு ஆம் என்றாள். ஒரு வரி மறைந்தது. இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. திருட்டுத்தனம் செய்து பழக்கமில்லாதவள் என்பதால் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"உங்க அக்காவுது மட்டும் எடுத்தியா?" என்றார் கிளமென்ட்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அவளுக்கு ஸ்கூல்ல இன்னா பேருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? ஒண்ணாங்கிளாஸ்ல சேக்க உங்க நைனாவுக்கு லீவு கெடைக்கல. கூட்டிக்கினு போனது நான்தான். பேரு எழுதும்போது எட்மாஸ்டர் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். மனு போடணும்னா எனக்கு எதுக்கு உன் டிஸ்க்கு?"

"அப்ப எதுக்கு வாங்கினீங்க?"

அவர் திரையில் தபீதாள் இருந்த இடத்துக்கு அடுத்த வரியில் விரலை வைத்தார். தீமோத்தேயு. அவருடைய மகன், பள்ளியில் கிரண்குமார். "கிரண்குமாருக்கும் நாளைக்குத்தான் வெரிஃபிகேஷன். நீ எழுதி வெச்சது வெளிய போனா இன்னா தெரியும், எவ்ளோ தெரியும்னு பாக்கத்தான் வந்தேன்."

"என்னையே கேட்டிருக்கலாமே மாமா."

"செகரட்டரி பொண்ணுகிட்டயா?"

சுஜிதாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு மணி நேரம் இந்த மனுஷனை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருப்பாள். எழுபது கிலோமீட்டர் ஓடி வந்தாள், ஒரே ஒரு வரியை அழித்தாள். மிச்சம் இருந்த இருநூற்றுப் பதிமூன்றும் யாருடைய பிள்ளைகள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தர் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

போன் அடித்தது. நைனா. அவர் போனில் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்.

"பாப்பா, உன் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்துக்கினு கீறேன். அந்தக் கிளமென்ட் டிஸ்க்கு எடுத்துக்கினு போனானாமே. கமிட்டில என்னைக் கவுக்க அவன் இன்னாவோ தேடறான், அதுக்குள்ள நாம முந்திக்கணும். அவன் பையன் மேல மனு எழுதி ரெடியா கீது. அவன் பையனுக்கு ஸ்கூல் பேரு இன்னா? அந்தப் பேரு ஒண்ணுதான் பாக்கி. இதுல எங்க தட்டினா வரும்?"

கிளமென்ட் கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்க்கவில்லை.

சுஜிதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நைனாவிடம் வேண்டாம் என்று சொல்லலாம், கேட்க மாட்டார். தெரியாது என்று சொல்லலாம், வேறு யாரையாவது கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அவருக்கு மகள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"நைனா, நான் சொல்ற மாதிரி பண்றியா?"

"சொல்லு."

"ரெண்டு பக்கமா பிரிஞ்சிருக்குதா? மேல கருப்பா தெரியற டேப்புல இன்னா எழுதிக்கீது?"

"பள்ளி."

கேட்டது நல்லதாகப் போயிற்று. அங்கே இருப்பது இணைப்பு இல்லை, சான்றிதழ்களே. அந்த டேப்பில் அழித்தால் முன்னூறு பிள்ளைகளின் காகிதம் போய்விடும். "அதுல எதையும் தொடாதே. கையை எடுத்துடு. எடுத்துட்டியா? இடது பக்கம் கடைசி டேப்பு. மவுஸால ஒரே ஒரு தட்டு."

"தட்டிட்டேன்."

"இன்னா பேரு?"

"இணைப்பு. பேரு பேரா வருது. இதோ தபீதா—"

"கீழ எத்தினின்னு போட்டிருக்கும். படி."

"இருநூத்திப் பதினாலு."

"கண்ட்ரோலையும் ஏ-வையும் சேத்து அமுக்கு."

"எல்லாம் செவப்பாயிடுச்சி."

"இப்ப ஷிஃப்ட்ட புடிச்சிக்கினு மேல எஃப் எட்டு."

வெளியே ஒரு ஆட்டோக்காரன் திருப்பதி திருப்பதி என்று கூவிக்கொண்டு போனான். கிளமென்ட் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, டெலீட்டுன்னு இன்னாவோ கேக்குதே."

"ஆமா நைனா."

"யெஸ் குடுக்கட்டுமா?"

அவர் அவ்வளவு நம்பினார், பொய் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லாமல் போனது. அதுதான் அவளை வாட்டியது. "குடு" என்றாள்.

"குடுத்துட்டேன். ஓடுது. முடிஞ்சிபோச்சி." மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. "இன்னா பாப்பா, காலியா கீது? கிளமென்ட் பையன் எங்க?"

"போய்டுச்சி நைனா. எல்லாம் போய்டுச்சி. அக்கா பேரும் அதுலதான் இருந்துச்சு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை.

"நம்ம தபீதா பேரும் அதுல கீதுன்னு கண்ணால பாக்கற வரைக்கும் நான் நெனைக்கவே இல்ல பாப்பா" என்றார்.

"நானும்தான் நைனா. மத்தவங்க பேரு இருந்ததை நான் நெனைக்கல."

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. கிளமென்ட் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். டிஸ்க்கில் இன்னும் இருநூற்றுப் பதிமூன்று இருந்தன.