நீல டப்பாக்கள் வாடவில்லை

ஆய்வகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கண்ணாடி போடுகிறவள் அல்ல. யாராவது இரண்டு முறை தும்மினால், மூன்றாவது தும்மலை எதற்காக அடக்கினார்கள் என்று யோசிக்கிறவள். அப்படிப்பட்டவளுக்குக் கீழே அவளுடைய நாத்தனாரே மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு வந்து சேர்ந்தாள். புருஷனைப் பிரிந்து, எட்டு வயது மகளோடு அண்ணன் வீட்டில் இருப்பவள். வேலை நிரந்தரமானால் தனி வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆகாவிட்டால் ஒரே சமையலறையில் இரண்டு பேரும் இன்னும் எத்தனை வருடம் முட்டிக்கொள்வது என்று பூதக்கண்ணாடியும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

வேலை பாசி வளர்ப்பது. சதுப்பு நிலத்துப் பாசிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று குடியிருக்கிறது. பூமி சூடாகச் சூடாக அந்தக் கூட்டமும் மாறுகிறது. மாறிய கூட்டம் பாசியைக் காப்பாற்றுமா, கைவிடுமா என்பதுதான் டாக்டரம்மாவின் கேள்வி. மருந்து எழுதித் தருகிற டாக்டர் அல்ல, பாசிக்கு டாக்டர். நுண்ணுயிர் ஒன்றுகூட இல்லாமல் வளர்த்த பாசியை டப்பாக்களில் வைத்தார்கள். சிவப்பு டப்பாவுக்குப் பல வருடம் சூடேற்றிய நிலத்தின் நுண்ணுயிர்கள், நீலத்துக்குக் குளிர்ந்த நிலத்தவை. வெள்ளைக்கு ஒன்றுமே கிடையாது. வெள்ளை டப்பாக்களை மட்டும் தனி அலமாரியில் பூட்டி, சாவியைப் பூதக்கண்ணாடி தன் கைப்பையில் வைத்திருந்தாள். எல்லாம் ஒரே வெப்ப அறையில். சிவப்பு தாக்குப்பிடிக்கும், மற்றவை வெளுத்துப்போகும் என்று எதிர்பார்த்தார்கள்.

இரண்டாம் மாதத்தில் நாத்தனார் மதிய இடைவேளையில் துணிப்பையோடு வெப்ப அறைக்குள் போவதும், இருபது நிமிடம் கழித்து வெளியே வருவதும் கண்ணில் பட்டது. கேட்டதற்கு, சும்மா சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்றாள். மடியில் கனமில்லாதவள் பையை ஏன் முதுகுக்குப் பின்னால் மறைக்க வேண்டும்? டப்பாவை மாற்றுகிறாளா? பாசியைத் திருடி வேறு ஆய்வகத்துக்குக் கொடுக்கிறாளா? வீட்டில் வைத்துக் கேட்டால் அழுவாள். அழுதால் அண்ணன்காரன் தங்கை பக்கம் சாய்ந்துவிடுவான். அதனால் முதலில் ஆதாரம் சேர்ப்பது என்று முடிவு செய்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில், மற்றவர்கள் வருவதற்குள், ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் இடுக்கியால் ஒரு கிள்ளு எடுத்தாள். முதலில் சிவப்பு, பிறகு நீலம், நியாயம் என்றால் எல்லாருக்கும் நியாயம் என்று கடைசியில் வெள்ளை. நாத்தனார் டப்பாவை மாற்றினால் கிள்ளி வைத்தது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நோட்டில் தேதியும், கிள்ளிய வரிசையில் டப்பா எண்ணும் எழுதினாள். பக்கத்திலேயே நாத்தனார் எத்தனை மணிக்கு எங்கே போனாள், யாரோடு சிரித்தாள் என்பதையும் எழுதினாள்.

மூன்று வாரத்தில், வெளுக்க வேண்டிய நீல டப்பாக்கள் பளிச்சென்று பச்சை பிடித்தன. பூதக்கண்ணாடிக்கு வருத்தத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகம். நேரே டாக்டரம்மாவிடம் போய், வீட்டு ஆள் என்று பார்க்காமல் சொல்கிறேன், டப்பாவை மாற்றியது என் நாத்தனார்தான், தினம் மதியம் துணிப்பையோடு வெப்ப அறைக்குள் போகிறாள் என்றாள். டாக்டரம்மா எல்லா டப்பாவிலிருந்தும் மாதிரி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டப்பா எதுவும் மாறலை. சிவப்புல இருந்த நுண்ணுயிர்தான் நீலத்துல வந்து உக்காந்திருக்கு. பூட்டி வெச்ச வெள்ளையிலகூட இருக்கு. யாரோ ஒண்ணைத் தொட்ட கருவியாலயே இன்னொண்ணைத் தொட்டிருக்காங்க."

பூதக்கண்ணாடிக்குத் தன் இடுக்கி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு டப்பாவுக்கும் நடுவில் இடுக்கியை நெருப்பில் காட்டு என்று புது ஆட்களைத் திட்டித் தீர்க்கிறவள் அவள். காலை அவசரத்தில் அவளே அதைக் காகிதத்தால் துடைத்ததோடு சரி. வேலியே பயிரை மேய்ந்திருந்தது.

டாக்டரம்மா நாத்தனாரின் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே சின்னப் பெண்ணின் பள்ளிக்கூட சாக்ஸ் இரண்டு ஜோடி, ஈரமாக இருந்தன. அறையின் மூலையில் சூட்டு மெஷினுக்குப் பின்னால் அடிக்கிற காற்றில் இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும் என்றாள் நாத்தனார். மழைக்காலம், வீட்டில் காயப்போட இடம் போதவில்லை என்றாள். கொடியில் கிடந்த அவள் துணிகளை மூலையில் சுருட்டிப் போட்டது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

டாக்டரம்மா இளகவில்லை. வெள்ளை அலமாரியின் சாவி இருக்கிற வீட்டில்தானே இவளும் இருக்கிறாள், கைப்பையிலிருந்து எடுக்க எவ்வளவு நேரமாகும் என்றார். வேலையை நிரந்தரமாக்கும் படிவத்தை முன்னால் இழுத்து, வேண்டாம் என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி நாத்தனாரோடு போய்விடும் என்று பூதக்கண்ணாடிக்குத் தெரியும். பதினேழு வருடம் சேர்த்த நல்ல பெயர் அவளுக்கு. ஆனால் மேஜைமேல் கிடந்த அந்தச் சின்ன சாக்ஸைப் பார்க்கப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் தொட்டேன் டாக்டர்."

"நாத்தனாரைக் காப்பாத்தப் பாக்குறீங்க. போன வாரம் இவங்கதான்னு அடிச்சுச் சொன்னதே நீங்கதானே?"

சந்தேகப்படக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். இப்போது அவள் சொல்கிற உண்மை செல்லுபடியாகவில்லை. வேறு வழியில்லாமல் போய் நோட்டை எடுத்து வந்து கொடுத்தாள். டாக்டரம்மா அதிலிருந்த தேதிகளையும் டப்பா எண்களையும் சோதனை முடிவோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பிறகு படிவத்தில் நிரந்தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அலமாரிச் சாவி இனி நாத்தனாரிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நோட்டு மேஜையிலேயே கிடந்தது.

நாத்தனார் அதைக் கையில் எடுத்தாள். நின்றபடியே நடுவில் நாலைந்து பக்கம் படித்தாள். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள் அண்ணி. வரவில்லை.

"தினம் சிவப்பு, நீலம் அத்தனை டப்பாவையும் தொடச்சு, தண்ணி அளந்து விட்டது நான்தானே அண்ணி. ஒரு நாளாவது நான் ஒழுங்கா வேலை செஞ்சேன்னு எழுதியிருக்கலாமே."

"இருக்கும், பாரு" என்றாள் பூதக்கண்ணாடி.

நாத்தனார் அதை நம்பி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தாள்.